தம்பி எழுதி வைத்த ஐபி அட்ரஸ்

என் தம்பி இறந்து நாலு மாதம் கழித்து நான் நெட்வொர்க்கிங் வகுப்பில் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. கம்ப்யூட்டர் தெரியுமா என்று யாராவது கேட்டால், ஏன் தெரியாமல் என்று மிடுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். மாற்றுச் சான்றிதழ் அடிக்கத் தெரியும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் இழுத்தெடுக்கத் தெரியும். அதற்கு மேல் எது வந்தாலும் தம்பிக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது.

"இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்றார் வீட்டுக்காரர். ஆபீசில் கேட்கிறார்கள் என்றேன். ஆபீசில் ஒரு ஈ காக்காய் கேட்கவில்லை. உண்மையான காரணத்தை நான் அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி கேமரா மாட்டுகிறவன். கருமத்தம்பட்டி தறிக்கூடங்கள், உடுமலைப்பேட்டை தேங்காய் மண்டிகள், தாராபுரத்தில் அரிசி ஆலைகள் என்று பைக்கில் ஏணியையும் ஒயர்ச் சுருளையும் கட்டிக்கொண்டு அலைவான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். ஒரு நாள் மத்தியானம் கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக்கூடத்துக்குள் ஏணி மேல் நின்று கேமராவை இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மூணேகால், மூணரைக்குள் விழுந்திருப்பான் என்றார்கள்.

அன்று மூணு பதினேழுக்கு நான் அவனைக் கூப்பிட்டிருந்தேன்.

என் போனில் அது இன்னும் இருக்கிறது. மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை. தலைபோகிற காரியம் ஒன்றும் இல்லை. அன்று லீவு போட்டு வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தேன். வைஃபை நின்றுவிட்டது, டிவி ஓடவில்லை. அவ்வளவுதான். எப்போதும் போல "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது மேடம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்று கஸ்டமர் கேர் குரலில் என்னைக் கிண்டல் பண்ணுவான் என்று காத்திருந்தேன். எடுக்காததும் எனக்குக் கோபம்கூட வந்தது. எனக்குப் பொறுமை கம்மி.

பாக்கெட்டுக்குள் போன் அடித்து, அதை எடுக்கப்போய் கைப்பிடி தவறியிருப்பானோ? இந்த ஒரு கேள்விதான். நாலு மாதமாகப் பல் விளக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, குழம்பு கொதிக்கும்போது எல்லாம் அதுவே ஓடியது. அவனுடைய போன் கீறல்கூட இல்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்தது. கையில் வைத்திருந்தால் உடைந்திருக்குமே என்று ஒரு நாள் ஆறுதல் சொல்லிக்கொள்வேன். பாக்கெட்டிலேயே இருந்திருந்தால் உடையாமலும் இருக்குமே என்று அடுத்த நாளே தோன்றும்.

காரியம் முடிந்த அன்று அந்தத் தறிக்கூடத்துக்காரர் வந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்.

"அம்மணி, கேமரா பொட்டி வெச்ச ரூமுக்கு அன்னைக்கே கரண்டை நிறுத்திப் பூட்டிப்போட்டனுங்க. பாதியில விட்ட வேலைங்க அது. உங்க ஊட்டு ஆளு யாராச்சும் வந்து கை வெச்சாத்தான் நாங்க தொடுவமுங்க. அது வரைக்கும் கேமரா இல்லாட்டிப் போவுது."

அதோடு போயிருக்கலாம். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நடந்ததும் அதுக்குள்ள இருக்குமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேமராக்கள் எடுப்பதெல்லாம் பதிவாகிற பெட்டி அது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு சிந்தனை இல்லை. தம்பியோடு தொழில் செய்த ஒரு பையன், "அக்கா, நான் போயி ரீசெட் பண்ணி எடுத்துத் தாரனுங்க" என்றான். வேண்டவே வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அந்தப் படத்தில் தம்பி பாக்கெட்டுக்குள் கையை விடுவது இருந்தால், அதை என் கண் தவிர இன்னொரு கண் பார்க்கக் கூடாது. நானே போய், நானே திறந்து, நானே பார்க்க வேண்டும். அதற்குத்தான் வகுப்பு.

தம்பி ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். கருமத்தம்பட்டிப் பக்கத்தில் மேலே ஊரும் ரோடும், அடியில் 192.168.1.105 என்ற எண்ணும், அதன் கீழே பாஸ்வேர்டும், ஓரத்தில் '30 நாள்' என்றும் எழுதியிருந்தான். பாஸ்வேர்டு புரிந்தது. மற்றது எதுவும் புரியவில்லை.

காந்திபுரத்தில் இரண்டாவது மாடியில் வகுப்பு. சனி, ஞாயிறு காலை. சொல்லிக்கொடுத்தவள் இருபத்தைந்து வயதுப் பெண், உடுமலைப்பேட்டைக்காரி. என்னை முதல் நாள் யாரோ பெற்றோர் என்று நினைத்து, "பையனைச் சேக்கறதுக்குங்களா?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்றதும் சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க்கா" என்றாள். அதிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

முதல் வாரமே அடி வாங்கினேன். இணைப்பு வரவில்லை என்றால் முதலில் என்ன செய்வது என்று பாடம். "மத்ததெல்லாம் அப்புறமுங்க. மொதல்ல ரூட்டர்ல லைட்டு எரியுதான்னு பாருங்க. அப்புறம் பின்னால ஒயர் சரியாச் சொருகியிருக்கான்னு பாருங்க. பாதிப் பிரச்சினை ஒயரோட முடிஞ்சிரும்" என்று சொல்லி, ஒரு ஒயரைக் கழற்றி 'டக்' என்று மறுபடி சொருகிக் காட்டினாள்.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். டிவி ஸ்டாண்டை நகர்த்தியபோது பின்னால் ஒயர் பிடுங்கிக்கொண்டது. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொருகினார். இந்த ஒரு 'டக்' எனக்குத் தெரிந்திருந்தால் நான் தம்பியைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே இருந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமாக்கினாள்.

ஐபி அட்ரஸை அவள் கதவு எண் என்றாள். ஒரே தெருவில் இருக்கிற வீடுகள் நேராகப் போய்க் கதவைத் தட்டிக்கொள்ளலாம். வேறு தெரு என்றால் முக்கில் இருக்கும் ரூட்டரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால் நாம் பழகும் இடத்தில் பெரும்பாலும் ஒரே தெரு. பிங் என்பது கதவைத் தட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்பது. இருந்தால் நாலு வரி பதில் வரும். இல்லாவிட்டால், காத்திருந்தேன் பதில் இல்லை என்று நாலு வரி வரும்.

வகுப்புக்குத் தம்பியின் லேப்டாப்பைத்தான் கொண்டுபோனேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னாள். "முன்னாடி அடிச்சதையே திரும்ப அடிக்க வேண்டாமுங்க்கா, மேல் அம்புக்குறியை அமுக்குங்க, வரும்" என்றாள். நான் இன்னும் எதுவும் அடித்திருக்கவில்லை. அமுக்கினேன். ஒரு வரி வந்தது. இன்னொரு முறை அமுக்கினேன். இன்னொரு வரி. எல்லாம் தம்பி அடித்தவை. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு நாள் பின்னால் போனது போல இருந்தது. ஒரு இடத்தில் பிங்கையே தப்பாக அடித்திருந்தான், அடுத்த வரியில் சரியாக. அவசரக்காரன். டிபன் பாக்ஸை மூடாமலே பைக்குள் வைக்கிற ஆள். வகுப்பு முடியும் வரை நான் அந்த அம்புக்குறியையே அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் நடத்திய பாடம் ஒன்றும் ஏறவில்லை.

மூன்றாவது வாரம் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதுகு சிலிர்க்கும். சாயங்காலம் வேலை விட்டு வந்து, வீட்டில் தனியாக உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தேன். எதை எதையோ பிங் செய்து பார்த்த கையோடு, நோட்டில் இருந்த அந்த எண்ணையும் அடித்தேன். 192.168.1.105. கருமத்தம்பட்டியில் பூட்டிய அறைக்குள், கரண்ட் இல்லாமல் கிடக்கிற பெட்டியின் எண். பதில் வராது என்று தெரிந்தேதான் அடித்தேன்.

பதில் வந்தது. நாலு வரி.

திரும்ப அடித்தேன். திரும்ப நாலு வரி. நான் லேப்டாப்பை மூடக்கூட இல்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். வீட்டுக்காரர் வந்து, "ஏன் வெளியே நிக்கற?" என்று கேட்கும் வரை உள்ளே போகவில்லை. அன்று இரவு தூங்கியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னதும் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அக்கா, அந்த நம்பரெல்லாம் வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகறதுங்க. ஊர்ல எல்லா ஊட்லயும் அதே நம்பருங்க இருக்கும். நீங்க தட்டுனது கருமத்தம்பட்டிக் கதவை இல்லீங்க. உங்க ஊட்டுக்குள்ளயே எதோ ஒண்ணு அந்த நம்பர்ல இருக்குது. ரூட்டர்ல போயிப் பாருங்க, டிவியா இருக்கும்."

போய்ப் பார்த்தேன். டிவி இல்லை. தம்பியின் போன்.

அதை நான் அணைக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் இன்னும் கூப்பிடுவார்கள். "ஏனுங்க தம்பி, கேமரா ஓடலீங்க" என்று ஆரம்பிப்பார்கள். தம்பி இல்லீங்க என்று சொல்வேன். எப்ப வருவாருங்க என்பார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எதிர்ப்பக்கம் வரும் மௌனத்துக்காகவே அந்தப் போனை வெறுத்தேன். ஆனால் அணைக்க மனசு வரவில்லை. அது பாட்டுக்கு எங்கள் வீட்டு வைஃபையில் சேர்ந்து, எனக்கு நாலு வரி பதில் சொல்லியிருக்கிறது. பேய் இல்லை என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. சொல்லப்போனால் அதிகமானது.

இரண்டு மாதம் படித்தேன். ஒயரின் எட்டு நிறங்களும் மனப்பாடமாயின. தெருவும் கதவும் புரிந்தது. ஒரு பெட்டிக்கு நாமே எண் கொடுப்பது, ரூட்டரே கொடுப்பது, இரண்டுக்கும் வித்தியாசம் புரிந்தது. "எங்க போனாலும் மொதல்ல நேரம் சரியா இருக்குதான்னு பாருங்க்கா. நேரம் தப்பா இருந்தா எதையும் நம்ப முடியாது" என்று அவள் அடிக்கடி சொல்வாள். அதையும் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசி வகுப்பன்று அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். மூணு பதினேழையும் சொன்னேன். "நான் கூட வரட்டுங்களாக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன். "அப்ப போன் பண்ணுங்க. எந்த நேரம்னாலும் எடுப்பேன்" என்றாள்.

ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கருமத்தம்பட்டிக்கு பஸ் ஏறினேன். தறிக்கூடத்துக்காரர் சாவியோடு நின்றிருந்தார். கூடத்துக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்குள் நுழைந்தால் பேச்சு வாயசைப்பாகிவிடும். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. கூடத்தின் மூலையில், கண்ணாடி வைத்த சின்ன அறை. பூட்டைத் திறந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. சுவிட்சில் கை வைத்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். போட்டார். மேஜைக்கு அடியில் பெட்டி ஒரு முறை 'பீப்' என்றது. "நீங்க பாருங்க அம்மணி, நான் வெளிய இருக்கறனுங்க" என்று போய்விட்டார்.

முதலில் ஒன்றும் வேலை செய்யவில்லை. நடுவில் அவர் வேறு இன்டர்நெட்டுக்கு மாறியிருந்தார், ரூட்டர் புதிது, அதன் தெருவே வேறு. பெட்டி பழைய தெருவில் பழைய கதவு எண்ணோடு இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். இப்போது தெரிந்தது. புது ரூட்டரை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக ஒயரைச் சொருகினேன். டக். லேப்டாப்புக்கு அந்தப் பழைய தெருவில் காலியாக இருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தேன். பிங் அடித்தேன்.

நாலு வரி. இந்த முறை அது அந்தப் பெட்டியேதான்.

பாஸ்வேர்டை அடித்தேன், திறந்துகொண்டது. பழைய பதிவுகளைப் பார்க்கும் பக்கத்தில் ஒரு காலண்டர் இருந்தது. பதிவு இருக்கிற தேதிகளுக்கு அடியில் ஒரு நீலப் புள்ளி. அவன் போன மாதத்துக்குப் போனேன். வரிசையாகப் புள்ளிகள். அந்தத் தேதியோடு நின்றுவிட்டன. கடைசிப் புள்ளி அதுதான்.

அதை அமுக்கினால் போதும். ஆறு மாதமாக இதற்குத்தான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னாலும் மிகையில்லை. கை போகவில்லை. மூணு பதினேழுக்கு அவன் கை பாக்கெட்டுக்குப் போவதை நான் பார்த்துவிட்டால், அப்புறம் மீதி நாளெல்லாம் எப்படி இருப்பேன்?

அப்போதுதான் ஓரத்தில் கண் போனது. பெட்டியின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருஷத்து ஜனவரி ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாமல் கிடந்ததில் நேரம் மறந்துபோயிருந்தது. ஆ, முதலில் நேரம் சரியாக இருக்க வேண்டும் என்று மனசு உடனே பிடித்துக்கொண்டது. முறைப்படி செய்வோம். அது முறை இல்லை, பயம் என்று இப்போது தெரிகிறது. கம்ப்யூட்டரின் நேரத்தையே எடுத்துக்கொள் என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். பெட்டி இன்றைய தேதிக்கு வந்து சேர்ந்தது.

கதவு திறந்தது. தறி ஓட்டுகிற ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும், தலையிலும் புருவத்திலும் பஞ்சு, டம்ளரில் டீ கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். வேண்டுமென்றே நான் டீயை மெதுவாகக் குடித்தேன். அது ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அவர் தறிக்குத் திரும்பிப் போனார்.

நான் மறுபடி காலண்டரைத் திறந்தேன். புள்ளி ஒன்றுகூட இல்லை. அந்த மாதமே வெறுமையாக இருந்தது. முந்தின மாதம் பார்த்தேன், வெறுமை. இன்றைய தேதிக்கு அடியில் மட்டும் புதிதாக ஒரு புள்ளி முளைத்திருந்தது.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். சொன்னபடி உடனே எடுத்தாள். என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னாள். நேரத்தை மாற்றினேன் என்றதும் இடைமறித்தாள். "அக்கா… எத்தனை நாள் பதிவை வெச்சுக்கணும்னு பொட்டிக்குள்ள ஒரு எடத்துல போட்டிருப்பாங்க. அதைத் தாண்டினதை அதுவே அழிச்சிரும். நேரம் தப்பா இருந்த வரைக்கும் அதுக்குத் தெரியலை. நீங்க சரி பண்ணதும்…"

மடியில் நோட்டு விரிந்து கிடந்தது. ஓரத்தில் தம்பியின் கையெழுத்தில் '30 நாள்'. ஆறு மாதமாக அதைத் தினம் பார்த்தவள் நான். அவனே போட்டு வைத்த கணக்குப்படி பெட்டி நடந்துகொண்டது.

"ஒண்ணும் தொடாதீங்க்கா. கரண்டை நிறுத்திப்போட்டு, பொட்டியை அப்படியே எடுத்துட்டு வாங்க. அழிஞ்சதை மீட்டுத் தர ஆளுங்க இருக்காங்க. உறுதியாச் சொல்ல முடியாது, ஆனாப் பாக்கலாம். ஓட விட்டா மட்டும் புதுசு பழசு மேல எழுதிப்போடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

சுவிட்சை அணைக்க எழுந்தேன். அதே நேரம் அந்த அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். டம்ளரை எடுக்க வந்தது போலத்தான் வந்தார். எடுக்கவில்லை.

"ஏனுங்க, அதுல அன்னைக்குள்ளது இருந்துச்சுங்களா?"

சுவிட்சுப் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்திருக்கும். அவர் அப்படியே சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"நீங்க அவரு அக்காங்க. உள்ள வாரப்பவே எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சுங்க. உங்க போட்டோ வந்துச்சுங்களே, அன்னைக்கு."

எந்தப் போட்டோ என்று கேட்டேன்.

"தறி ஓடறப்ப போன் அடிச்சாக் காதுல உழுகாதுங்க. பாக்கெட்டுல வெச்சாலும் தெரியாது, தரையே அதுருதுங்களே. அதனால எல்லாரும் போனை அந்தச் சன்னல் மேல மல்லாத்தி வெச்சிருப்பமுங்க. யாரு போன்ல வெளிச்சம் வருதோ, பாக்கறவிய எடுத்துட்டுப் போயி அவிய கையில குடுத்துப்போடோணும். இங்கத்த பழக்கமுங்க அது. அவரும் வந்தவுடனே எங்க போனோட சேத்து வெச்சாரு. அன்னைக்கு நாந்தானுங்க பாத்தேன். வெளிச்சம் வந்துச்சு, உங்க போட்டோ வந்துச்சு. எடுத்துட்டுப் போயி ஏணிக்குக் கீழ நின்னு ஒசத்திக் காட்டுனேன்."

கண்ணாடிக்கு அப்பால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"வேண்டாம்னு தலையாட்டுனாருங்க. அதோட நான் வந்திருக்கோணும். அக்கா கூப்படறாங்களேன்னு மறுக்காவும் நீட்டுனனுங்க. போட்டோவை அவரு பக்கம் திருப்பிக் காட்டுனேன். பாத்துச் சிரிச்சாரு. சிரிச்சுப்போட்டு, வாங்கறதுக்குக் குனிஞ்சாரு."

நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"போன் என் கையிலயே இருந்துச்சுங்க. நான் ஒருத்தருகிட்டயும் சொல்லலைங்க. எங்க ஊட்டுக்காரருகிட்டக் கூடச் சொல்லலை. இந்த ரூம் பூட்டிக் கெடக்கறதைத் தெனமும் பாத்துட்டே தறி ஓட்டறேன். என்னைக்காச்சும் யாராச்சும் வந்து தொறப்பாங்க, நான் நீட்டுனதைப் பாப்பாங்கன்னு. சோறு எறங்க மாட்டேங்குதுங்க. நெசமாச் சொல்லுங்க, நாந்தானுங்களே காரணம்?"

ஆறு மாதமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. இன்னொரு வாயிலிருந்து, அதே சொல்லில் வந்தது. எனக்கு அந்த அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"இல்லீங்க" என்றேன். "நான் இப்பத்தான் பாத்தேன். எல்லாம் இருந்துச்சு."

அவர் சுவரிலிருந்து விலகி நிமிர்ந்தார்.

"நீங்க போட்டோ காட்டுனீங்க. சிரிச்சான். அவ்வளவுதானுங்க. அவன் குனியவே இல்லை. ஏணியோட கால் தானா நகந்துருச்சு. எண்ணெய் பட்ட எடமாட்ட இருக்குது. விழறப்பப் பாத்ததுல உங்களுக்குக் குனிஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்குது."

"குனிஞ்சாப்புல இருந்துச்சுங்களே?"

"நான் நாலு தடவை திருப்பிப் போட்டுப் பாத்தேனுங்க. குனியலை."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தமில்லாமல் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தேன். சேலையெல்லாம் பஞ்சு. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமி மாதிரி வந்தீங்க" என்று சொன்னார். டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். நூல் அறுந்து நின்றிருந்த தறியைச் சரிசெய்து ஓட்டிவிட்டார்.

போனில் வகுப்புப் பெண்ணின் செய்தி வந்திருந்தது. 'ஆஃப் பண்ணிட்டீங்களாக்கா?' என்று. நான் சுவிட்சைப் பார்த்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கேமராக்களின் கட்டங்கள், அதில் ஒன்றில் அந்த அம்மா தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். 'இல்லை, ஓடட்டும்' என்று பதில் அனுப்பினேன். வெளியே போய், கேமரா வேலை செய்கிறது, இனி அறையைப் பூட்ட வேண்டியதில்லை என்று தறிக்கூடத்துக்காரரிடம் சொன்னேன்.

ஓடி ஓடி அந்த நாளின் மேல் அது எழுதி முடிக்கட்டும். என் போனை எடுக்கத்தான் தம்பி குனிந்தான் என்பது இனி எனக்கு ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால் போதும்.